காட்டு வழியில் எம்பெருமானார்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

இந்த உத்ஸவ மலரைக் கையில் ஏந்தியிருக்கும் ஆஸ்திக அன்பர்களுக்கு எம்பெருமானார் சரித்திரம் புதியதன்று. 1017-ஆம் ஆண்டு பிங்கள வருஷம் சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்து, 1137-இல் திருவரங்கத்தில் திருநாட்டுக்கு எழுந்தருளினார் என்பதையும், ஸ்ரீபாஷ்யம் முதலான ஒன்பது கிரந்தங்களை அருளிச்செய்தார் என்பதையும் சிறுவர்களும் அறிவர். உபந்யாஸங்களில் அவருடைய வாதத்திறமையைக் கேட்கிறோம். சாற்றுமுறைகளில் அவருடைய கிரந்தப் பெருமையைக் கேட்கிறோம். ஆனால் அம்மஹான் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கால்நடையாகவே கழித்தவர் என்பதையும், அந்த வழிகளில் அவருக்கு எதிர்ப்பட்டவர்கள் யாவர், அவர்களிடம் அவர் பெற்றது என்ன, கொடுத்தது என்ன என்பதையும் நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. கொல்லிமலையைக் கண்ணெதிரே கொண்டு வாழும் நமக்கு இச்சிந்தனை மிகவும் அவசியமானது. அதன் காரணம் இக்கட்டுரையின் போக்கில் தானே விளங்கும்.

விந்தியக் காட்டில் ஒரு வேடன்

இளையாழ்வார் என்ற திருநாமத்தோடு யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் வாசித்த காலத்தில் நிகழ்ந்தது முதல் பெரும்பயணம். மாணாக்கனுடைய ஞானம் தம்மை மீறிப் போவதைப் பொறாத ஆசிரியர், கங்கா ஸ்நானம் என்ற வியாஜத்தால் அவரை வடக்கே அழைத்துச் சென்று வழியிலேயே முடித்துவிட நினைத்தார். உடன் சென்ற கோவிந்தர் இதை அறிந்து தமையனாரிடம் ரகசியமாகத் தெரிவித்துவிட, இளையாழ்வார் விந்தியக் காட்டில் கூட்டத்தை விட்டுப் பிரிந்தார். திசை தெரியாது, துணை இல்லை, உண்ண உணவில்லை.

அப்பொழுது ஒரு வேடனும் அவன் மனைவியும் எதிரே வந்தனர். எங்கே செல்ல வேண்டும் என்று கேட்டு, தாங்களும் அத்திசையே செல்வதாகச் சொல்லி, அவரை அழைத்துக்கொண்டு நடந்தனர். இரவில் வேடுவச்சி தாகமாக இருக்கிறது என்றாள். பொழுது விடிந்ததும் அருகிலிருந்த கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த இளையாழ்வார், மறுபடி முகந்துவரச் சென்று திரும்புவதற்குள் இருவரையும் காணவில்லை. எதிரே தெரிந்ததோ கச்சி நகரின் விமானம். வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே என்று பூர்வர்கள் அருளிச்செய்வர். அன்று முதல் அந்தச் சாலைக்கிணற்றிலிருந்து நாள்தோறும் தீர்த்தம் கொண்டுவந்து பெருமாளுக்குச் சமர்ப்பிக்கும் கைங்கர்யத்தை அவர் மேற்கொண்டார்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. ரக்ஷிக்க வந்த பெருமான் ஒரு வைதிகராகவோ அரசராகவோ வரவில்லை. காட்டில் வழி தெரிந்தவன் வேடன். ஆகவே வேடனாக வந்தான். கல்வியிற் சிறந்த ஆசிரியர் கைவிட்ட இடத்தில், எழுத்தறியாத வேடன் உருவில் காப்பு வந்தது. இப்பாடத்தை எம்பெருமானார் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. தமக்குத் தீங்கு எண்ணிய அந்த யாதவப்பிரகாசரையும் பிற்காலத்தில் சீடராக ஏற்று, கோவிந்த ஜீயர் என்று திருநாமம் சாற்றினார் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது.

பதினெட்டு முறை நடந்த வழி

ஸந்யாஸம் ஏற்றுத் திருவரங்கத்துக்கு எழுந்தருளிய பின்னர், ரஹஸ்யார்த்தம் பெறுவதற்காகத் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார். திருவரங்கத்துக்கும் திருக்கோட்டியூருக்கும் இடையே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். பதினெட்டு முறை போக்குவரத்து என்றால் சுமார் 3,600 கிலோமீட்டர் ஆகிறது. மந்திரத்தின் பொருளை ஒருவரியில் கேட்டுவிட்டு மறுநாளே மறக்கும் நம் காலத்தவர்க்கு இக்கணக்கு ஒன்றே போதிய உபதேசம். இத்தனை நடந்து பெற்ற பொருளை அவர் கோபுரத்தின் மேலிருந்து ஆசையுடையோர்க்கெல்லாம் வாரி வழங்கினார் என்பது உலகறிந்த செய்தி. அருமையாகப் பெற்றதை எளிதாக வழங்குதல் அவர் இயல்பு.

திருமலைக்கு நடந்து சென்றபோது அஷ்டஸஹஸ்ர கிராமத்தில் அவருக்கு இரண்டு சீடர்கள் இருந்தனர். யக்ஞேசர் என்பவர் செல்வந்தர். முன்னதாக அனுப்பப்பட்ட ஸ்ரீவைஷ்ணவர்கள் வந்து வாசலில் நின்றபோது, ஆசார்யன் வருகைக்கு ஏற்பாடு செய்யும் பரபரப்பில் அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. களைத்து வந்தவர்களை உபசரியாமல் ஆசார்யனுக்கு மட்டும் செய்யும் உபசாரம் உபசாரமாகாது என்று கருதிய எம்பெருமானார் அவர் வீட்டுக்குச் செல்லாமல், பருத்திக்கொல்லை வரதாசார்யர் என்ற ஏழைச் சீடரின் குடிலுக்குச் சென்றார். வரதாசார்யர் உஞ்சவிருத்திக்குப் போயிருந்தார். அவருடைய தேவிகளோ, இருந்த ஒரே புடவையை உலர்த்தியிருந்தமையால் வெளியே வர இயலாமல் உள்ளிருந்தபடியே கைதட்டித் தம் இருப்பை உணர்த்தினார். குறிப்பறிந்த யதிராஜர் தம் பரிவட்டத்தை உள்ளே எறிந்தார். அதை உடுத்துக்கொண்டு அவர் வந்து ஸேவித்தார். செல்வந்தர் பின்னர் வருந்தி அபராத க்ஷமாபணம் செய்துகொண்டார். வழிநடைப்பவனுடைய பசியையும் ஏழையினுடைய வெட்கத்தையும் அறியாதவர்க்கு வேதாந்தம் வாராது என்பது இதன் கருத்து.

வெள்ளை சாற்றிப் புறப்பாடு

இனி, அவருடைய யாத்திரைகள் எல்லாவற்றிலும் கடுமையானதற்கு வருவோம். மற்ற யாத்திரைகள் அவர் விரும்பிச் சென்றவை; இது அவர் விரும்பாமல் சென்றது.

சோழ மன்னன் ஒருவன், வைஷ்ணவப் பெரியோர்கள் சிவபாரம்யத்துக்குக் கையெழுத்திட வேண்டும் என்று ஆணையிட்டு, எம்பெருமானாரை அழைத்துவர ஆட்களை அனுப்பினான். அந்த யோசனையை அரசனுக்குச் சொன்னவன், கூரத்தாழ்வானிடமே வாசித்த நாலூரான். குருபரம்பரை இவ்வரசனைக் கிருமிகண்ட சோழன் என்று குறிக்கிறது. இவன் குலோத்துங்கருள் ஒருவன் என்று கருதுவோர் உண்டு; சரித்திர ஆராய்ச்சியாளரிடையே அபிப்பிராய பேதமும் உண்டு. ஒரு மன்னனுடைய செயலுக்காக மற்றொரு சமயத்தவரை நிந்திப்பது நம் நோக்கமன்று என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

எம்பெருமானார் நீராடச் சென்றிருந்த ஸமயத்தில், கூரத்தாழ்வான் அவருடைய காஷாயத்தையும் திரிதண்டத்தையும் தாம் தரித்துக்கொண்டு, முதுமை மிக்க பெரிய நம்பியோடு அரசன் அவைக்குப் புறப்பட்டார். திரும்பிவந்த எம்பெருமானார், சிஷ்யர்களின் நிர்ப்பந்தத்தால் ஆழ்வானுடைய வெள்ளை வஸ்திரத்தை உடுத்து மேற்கே புறப்பட்டார். அவையில் ஆழ்வான் தம் கண்களைத் தாமே போக்கிக்கொண்டார். பெரிய நம்பியின் கண்கள் பறிக்கப்பட்டன. அவர் பசுபதிகோயில் அருகே ஆழ்வான் மடியில் தலை சாய்த்துப் பரமபதித்தார். இவை ஒன்றும் அறியாமல் யதிராஜர் காட்டு வழியில் நடந்துகொண்டிருந்தார்.

அப்பொழுது அவருக்கு எண்பது பிராயம் என்பது ஸம்பிரதாயக் கணக்கு. ஹொய்ஸள அரசின் கல்வெட்டுக்களைக் கொண்டு கணிப்பவர்கள் இன்னும் சில ஆண்டுகள் கூட்டிச் சொல்வர். எக்கணக்கின்படி நோக்கினும் ஒரு கிழவர், திருவரங்கத்திலிருந்து மேல்கோட்டை வரை 300 கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தை, மலையும் காடும் ஊடுருவி நடந்தார் என்பது திண்ணம்.

தேனும் தினையும்

பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும், காற்றிலும் மழையிலும் அடிபட்டும் சென்ற அக்கூட்டம் ஆறு நாட்களில் ஓய்ந்துபோயிற்று. உணவில்லை; உடுத்த வஸ்திரம் உலரவில்லை. ஓர் இரவு மலையடிவாரத்தில் நெருப்பொளி தெரிந்தது. தினைக்கொல்லையைக் காக்கும் வேடர்கள் மூட்டிய நெருப்பு அது. சீடர்கள் அருகே சென்று வழி கேட்டனர். திருவரங்கத்திலிருந்து வருகிறவர்கள் என்று தெரிந்ததும் அவ்வேடர்கள் முதலில் கேட்டது எம்பெருமானார் நலமா என்பதுதான்.

சீடர்கள் திகைத்தனர். இந்தக் காட்டில் இவர்கள் எம்பெருமானாரை எவ்வாறு அறிவர்? அவ்வேடர்கள், தாங்கள் நல்லான் சக்கரவர்த்தியின் சிஷ்யர்கள் என்று விடை சொன்னார்கள்.

நல்லான் சக்கரவர்த்தி யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆற்றில் மிதந்துவந்த ஓர் உடலில் சங்கசக்கர லாஞ்சனையைக் கண்டு, குலம் யாது என்று ஆராயாமல், பாகவதனுடைய சரீரம் என்ற ஒன்றையே கொண்டு அதனைக் கரையேற்றி ஸம்ஸ்காரம் செய்தவர் அவர். ஊரார் அவரைப் பொல்லாதவர் என்று விலக்கிவைத்தார்கள். எம்பெருமானோ, ஊருக்குப் பொல்லாதவனாயினும் தனக்கு இவன் நல்லவன் என்று வெளியிட்டருளினான். அதனால் அப்பெயர் நிலைத்தது. ஊர் விலக்கிய அவர் மலைநாட்டு வேடர்களிடம் சென்று உபதேசித்து வைத்த அந்த விதை, எம்பெருமானாருக்குப் பசித்த இரவில் கதிராகி நின்றது. ஒரு தர்மம் எங்கே விதைக்கப்பட்டு எங்கே விளைகிறது என்பதை யாரே அறிவார்!

உடன் வந்திருப்பவர் எம்பெருமானாரே என்று அறிந்த வேடர்கள் திருவடிகளில் விழுந்தனர். நெருப்பை வளர்த்துக் குளிர் காயச் செய்தனர். ஈர வஸ்திரங்களை உலர்த்தினர். தங்களிடம் இருந்த தேனையும் தினைமாவையும் கொண்டுவந்து அக்கூட்டத்தின் பசியைத் தீர்த்தனர். அதன் பின்னர், வந்தவர்களுடைய ஆசாரத்துக்குக் குறை நேராதபடி, பாகம் செய்து அமுது படைக்கக்கூடிய ஓர் அந்தணர் இல்லத்துக்குத் தாங்களே வழிகாட்டி அழைத்துச் சென்றனர். கொடுப்பதில் மட்டுமன்று, கொடுக்கும் முறையிலும் அவர்கள் உயர்ந்தவர்கள். விருந்தினருடைய நியமத்தை விருந்தளிப்பவரே காக்கும் இந்த நாகரிகத்தை எந்தப் பாடசாலையில் கற்றார்கள்?

கொங்கின் கிழக்குப் பகுதியில் ஓங்கி நிற்பது நம் கொல்லி. குலசேகராழ்வார் தம்மைக் கொல்லிகாவலன் என்று சொல்லிக்கொண்ட பெருமையை உடையது. காவேரிக் கரையை விட்டு வடமேற்கே நோக்குவோர் கண்ணுக்கு நீல முகில்போல் தோன்றுவது. தினையும் தேனும் இம்மலைகளின் பண்டைச் செல்வங்கள். ஆதலால் கொங்கு மலைகளில் வேடர்கள் எம்பெருமானாருக்குத் தேனும் தினையும் ஸமர்ப்பித்தார்கள் என்று சரித்திரத்தில் கேட்கும்போது, நாம் அதை எங்கோ நிகழ்ந்த பழங்கதையாகக் கொள்ளலாகாது. நம் மண்ணின் விருந்தோம்பல் அது.

கொங்குப்பிராட்டி

வேடர்கள் காட்டிய இல்லம் கொங்குப்பிராட்டியுடையது. இவ்வம்மையார் முன்னொரு காலத்தில் தம் நாட்டில் மழை பொய்த்தபோது கணவரோடு திருவரங்கத்துக்கு வந்து வாழ்ந்தவர். நாள்தோறும் மாதுகரத்துக்கு எழுந்தருளும் ஒரு ஸந்யாஸியைச் செல்வர்களும் தலைவர்களும் விழுந்து வணங்குவதை மாடியிலிருந்து கண்டு, பிச்சை ஏற்பவரை இவர்கள் வணங்குவானேன் என்று ஒருநாள் அவரிடமே கேட்டார். தாம் அவர்களுக்குப் பகவத் விஷயமாக இரண்டு வார்த்தை சொன்னதே காரணம் என்றார் உடையவர். அந்த இரண்டு வார்த்தையைத் தமக்கும் சொல்ல வேண்டும் என்றார் அம்மையார். உடனே த்வயத்தை உபதேசித்தருளினார். நாட்டில் மழை பெய்து ஊர் திரும்பும் ஸமயத்தில் அது மறந்துபோயிற்று என்று வந்து நின்றபோது, நடுவழியிலேயே மீண்டும் உபதேசித்து, அம்மையார் வேண்டியபடி தம் பாதுகைகளையும் அளித்தார்.

அவ்வம்மையாரின் வாசலில்தான் இப்பொழுது அவர் வெள்ளை வஸ்திரத்தோடு நிற்கிறார். அம்மையார் அமுது செய்ய அழைத்தார், சீடர்கள் தயங்கினர். தாம் எம்பெருமானாரிடமே உபதேசம் பெற்றதை அம்மையார் சொன்னார். அந்த மந்திரத்தைச் சொல்லக் கேட்டு அறிந்த எம்பெருமானார், தம்மை வெளிப்படுத்தாமல், பாகம் முடிந்த பின் அம்மையார் என்ன செய்கிறார் என்று மறைவில் நின்று பார்க்க ஒரு சீடரைப் பணித்தார். தளிகையை முடித்த அம்மையார் உள்ளே சென்று, பாதுகைகளுக்கு முன் அதைக் கண்டருளப்பண்ணித் தியானத்தில் அமர்ந்தார். அதற்குப் பிறகு அனைவரும் தயக்கமின்றி அமுது செய்யலாம் என்று நியமித்தார்.

அம்மையார் வந்தவர்கள் ஒவ்வொருவருடைய திருவடிகளையும் கூர்ந்து நோக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். இத்திருவடிகள் தாம் நாள்தோறும் ஆராதிக்கும் பாதுகைகளுக்குப் பொருந்துகின்றன, ஆனால் காஷாயத்தைக் காணோமே என்று கலங்கினார். அப்பொழுது தாமே அவர் என்று வெளியிட்டருளினார். அங்கேயே மீண்டும் காஷாயமும் திரிதண்டமும் தரித்தார். வெளியூர் சென்றிருந்த கணவரும் திரும்பிவந்து ஆச்ரயித்தார். கொங்கிலாச்சான் என்று ஸம்பிரதாயத்தில் வழங்கப்படுபவர் அவரே.

அன்பர்கள் இங்கே ஊன்றி நோக்க வேண்டும். வேடர்களிடம் கேட்கப்பட்டதும் ஆசார்ய ஸம்பந்தம்; அந்தண மாதிடம் சோதிக்கப்பட்டதும் ஆசார்ய ஸம்பந்தமே. அந்தணர் இல்லம் என்ற காரணத்தால் சோதனை தளர்த்தப்படவும் இல்லை; வேடர் என்ற காரணத்தால் தேன் மறுக்கப்படவும் இல்லை. அரசன் அரண்மனையில் கிட்டாத அபயம் வேடன் மூட்டிய நெருப்பருகிலும் ஒரு பெண்ணின் அடுக்களையிலும் கிட்டியது.

மேல்நாட்டில்

அதன் பின்னர் மைசூர்ச் சீமையில் மிதிலாபுரி சாளக்கிராமத்துக்கு எழுந்தருளினார். அவ்வூரார் விமுகராக இருக்கக் கண்டு, அவர்கள் தீர்த்தம் எடுக்கும் துறையில் முதலியாண்டானைத் திருவடி நனைக்கச் செய்து, பாகவத ஸ்ரீபாத தீர்த்தத்தால் அவர்களைத் திருத்தினார் என்பது ஐதிகம். வடுகநம்பி என்னும் ஒப்பற்ற சிஷ்யரைப் பெற்றது அங்கேதான். தொண்டனூரில் தொண்டனூர் நம்பியின் வாயிலாக ஹொய்ஸள மன்னன் பிட்டிதேவனுக்கு அறிமுகமாகி, அரசகுமாரியின் பிணியைத் தீர்த்து, அவனை விஷ்ணுவர்த்தனன் ஆக்கினார். பேலூரில் சென்னகேசவப் பெருமாளுக்கு 1117-இல் ஆலயம் எடுப்பித்தவன் இம்மன்னனே. அவனுடைய பட்டத்தரசி சாந்தலதேவி இறுதிவரை ஜைன மதத்திலேயே நிலைத்திருந்தாள். ஜைன ஆலயங்களுக்கும் அரசனுடைய ஆதரவு தொடர்ந்தது என்று கல்வெட்டுக்கள் தெரிவிக்கின்றன. அரசன் ஆணையால் ஊரை விட்டு ஓடிவந்த மஹானை ஏற்றுக்கொண்ட நாட்டில், அரசன் ஆணையால் மனைவியின் நம்பிக்கை மாற்றப்படவில்லை என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

யாதவாத்ரியில் காடு வெட்டி, துளசிப் புதரின் அடியில் மறைந்திருந்த திருநாராயணனை வெளிப்படுத்திப் பிரதிஷ்டை செய்தார். உத்ஸவரான செல்வப்பிள்ளையை வடநாட்டிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த வழியில் உற்ற துணையாக நின்றவர்கள், ஊருக்குப் புறத்தே வைக்கப்பட்டிருந்த மக்கள். அவர்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, ஆண்டுதோறும் மூன்று நாட்கள் ஆலயத்துள் வந்து ஸேவிக்கும் உரிமையை ஏற்படுத்தினார் என்பது அத்திவ்யதேசத்தின் வழக்கு. சென்னை மாகாணத்தில் 1939-லும் 1947-லும் ஆலயப்பிரவேசச் சட்டங்கள் வந்தன. அவற்றுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஸந்யாஸி மூன்று நாட்களுக்குக் கதவைத் திறந்துவைத்தார். எஞ்சிய நாட்களைத் திறக்க வேண்டியது பின்வந்த நம் பொறுப்பாக இருந்தது. சட்டம் வரும்வரை நாம் அதைச் செய்யவில்லை என்ற உண்மையை மறைத்து அவர் புகழ் பாடுவது அவருக்குப் புகழாகாது.

மீட்சி

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஆழ்வானைப் பற்றி அறிந்துவரும்படி எம்பெருமானார் மாருதிச் சிறியாண்டானைத் திருவரங்கத்துக்கு அனுப்பினார். பெரிய நம்பி பரமபதித்ததும், ஆழ்வான் கண்ணிழந்ததும், சோழன் மாண்டதும் ஆகிய செய்திகள் அவர் மூலம் எட்டின. புறப்படத் துணிந்தபோது மேல்நாட்டு அன்பர்கள் பிரிவாற்றாது கலங்கினர். அவர்களுக்காகத் தமருகந்த திருமேனியை அமைத்துக் கொடுத்து, கைங்கர்யங்களை நடத்த ஐம்பத்திருவரை நியமித்துத் திருவரங்கம் திரும்பினார்.

கண்ணிழந்த ஆழ்வானைத் தழுவிக்கொண்டு கண்ணீர் பெருக்கினார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! கச்சிப் பெருமாளிடம் கண்ணை வேண்டும்படி ஆசார்யன் பணிக்க, ஆழ்வானோ தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். கண்ணைப் பறிக்கக் காரணமானவனுக்கு மோக்ஷம் கேட்ட சீடரைப் பெற்றதே அந்த நெடிய யாத்திரையின் நிறைவு எனலாம்.

நாம் செய்யத்தக்கது

எம்பெருமானாருடைய ஆயிரமாவது திருநக்ஷத்திரம் 2017-இல் நாடெங்கும் கொண்டாடப்பட்டது. 2022-இல் ஹைதராபாதுக்கு அருகே 216 அடி உயரத் திருவுருவமும் நிறுவப்பெற்றது. பெரியோர் செய்த பெரிய கைங்கர்யங்கள் அவை. நம்மைப் போன்ற சிறிய ஆலயத்தார் செய்யக்கூடிய சிறிய கைங்கர்யம் ஒன்று உண்டு.

கரவல்லியிலிருந்து எழுபது கொண்டைஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலையின் ஊர்களை அடையலாம். அங்கு வாழும் மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தினையும் சாமையும் கேழ்வரகும் பனிவரகும் பயிரிட்டவர்கள். கடந்த சில பத்தாண்டுகளில் மரவள்ளி முதலிய பணப்பயிர்கள் பெருகி, சிறுதானிய நிலம் சுருங்கிவிட்டது. பழைய விதைகளைக் காக்கச் சில நிறுவனங்களும் அம்மலை மக்களும் முயன்று வருகின்றனர். யதிராஜருடைய கூட்டத்தின் பசியை ஆற்றிய தானியம், அவர் திருநாமத்தைச் சொல்லும் நம்முடைய தளிகை உள்ளில் இடம் பெறாதிருப்பது பொருத்தமா?

சித்திரைத் திருவாதிரைச் சாற்றுமுறையன்று, வழக்கமான பிரஸாதங்களோடு, கொல்லிமலைத் தேனும் தினைமாவும் எம்பெருமானாருக்குக் கண்டருளப்பண்ணுவது என்று நாம் வைத்துக்கொள்ளலாம். அதனை மலை மக்களிடமிருந்தே உரிய விலை கொடுத்துப் பெறலாம். பெறும்போது அவர்களையும் உத்ஸவத்துக்கு முறைப்படி அழைக்கலாம். வருகிறவர்களைக் கூட்டத்தின் கடைசியில் நிற்கவைக்காமல், தீர்த்தமும் சடாரியும் பரிவோடு ஸாதிக்க வேண்டும். அர்ச்சகர்களாகிய எங்களுக்கு இதில் பொறுப்பு அதிகம். ஒருகாலத்தில் அவர்கள் நம் ஆசார்யனுக்கு நெருப்பு மூட்டிக் குளிர் தீர்த்தார்கள்; ஆசாரம் கெடாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர்களிடம் நாம் பட்டது கடன். கடனைத் தீர்ப்பதைத் தானம் என்று சொல்லிக்கொள்ளலாகாது.

எம்பெருமானார் நடந்த வழிகளில் இன்று நாம் நடப்பதில்லை. பேருந்தும் மோட்டாரும் நம்மைக் கொண்டுசெல்கின்றன. ஆயினும் வழியில் எதிர்ப்படுபவரை நோக்கும் அவருடைய பார்வையை மட்டுமாவது நாம் பெறுவோமாக.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.